வீட்டிலிருந்து தொழில் தொடங்கும் பெண்களுக்கு: தலைச்சுமையை இறக்கி வைக்கும் வழி

மதுரையில் எங்கள் வீட்டு மாடியில் சாம்பார் பொடி, இட்லிப் பொடி, பருப்புப் பொடி அரைத்து விற்கிறேன். 9 வருஷம் ஆகிறது. முதல் 2 வருஷம் நான் ஒருத்திதான். இப்போது என்னோடு 4 பெண்கள் வேலை செய்கிறார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் என்னைத் தேடி வந்து கேட்பதெல்லாம் பெரும்பாலும் லைசென்ஸ் எப்படி எடுப்பது, லோன் எங்கே கிடைக்கும் என்பதுதான். அதற்குப் பதில் சுலபம், கீழே சொல்லியிருக்கிறேன். ஆனால் யாரும் கேட்காமல் விடுகிற கேள்வி ஒன்று உண்டு. காலை 4.30 மணிக்கு எழுந்து ராத்திரி 11.30 மணிக்குப் படுக்கிற இந்த ஓட்டத்தை எத்தனை வருஷம் ஓட முடியும்?

எனக்குத் தெரிந்து தொழிலை மூடிய பெண்களில் நஷ்டப்பட்டு மூடியவர்கள் குறைவு. உடம்புக்கு முடியாமல், வீட்டில் பேச்சு வாங்க முடியாமல், நல்லா ஓடிக்கொண்டிருந்ததை மூடியவர்கள்தான் அதிகம். அவர்கள் எல்லாரும் உழைப்பாளிகள். சிக்கல் எங்கே என்றால், எல்லாமே அவர்கள் ஒருத்தியின் தலைக்குள் இருந்தது. மல்லி எத்தனை கிலோ இருக்கிறது, எந்தக் கடை எவ்வளவு பாக்கி, கேஸ் எப்போது தீரும், சின்னவளுக்கு யூனிஃபார்ம் எப்போது தைக்கக் கொடுக்க வேண்டும், மாமாவுக்கு மாத்திரை முடிந்துவிட்டதா. இந்தச் சுமையை ஒவ்வொன்றாக இறக்கி இன்னொருவர் கையில் கொடுக்கப் பழகினால் வீடும் நடக்கும், தொழிலும் நடக்கும். அதை நான் எந்த வரிசையில் செய்தேனோ அந்த வரிசையிலேயே சொல்கிறேன். பொடி என்பதற்குப் பதில் தையல், ஊறுகாய், டிபன், ஆரி வேலை என்று எதை வைத்துப் படித்தாலும் பொருந்தும்.

முதல் வாரம்: நோட்டு ஒன்று, பேனா ஒன்று

தொழிலைத் தொடங்கும் முன்பே, தொடங்கிவிட்டீர்கள் என்றால் இந்த வாரமே, ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். காலையில் எழுந்தது முதல் படுக்கும்வரை, மணிக்கு மணி என்ன செய்தீர்கள் என்று 7 நாள் எழுதுங்கள். அழகாக எழுத வேண்டாம். "6.10 தண்ணி பிடிச்சேன், 6.30 டிபன், 7.15 ஜடை" என்று இருந்தால் போதும்.

எதற்கு இது என்றால், வீட்டு வேலை எத்தனை மணி நேரம் என்பது நமக்கே தெரியாது. மத்திய அரசின் புள்ளியியல் துறை 2024-ல் நாடு முழுக்க எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்குச் செலவழிப்பது நாளுக்குச் சராசரியாக 289 நிமிடம், அதில் கை வைக்கிற ஆண்கள் 88 நிமிடம் என்று வந்தது. 2019-ல் எடுத்தபோது அது 299, 97. பெண்களுக்கு 10 நிமிடம் குறைந்திருக்கிறது, ஆண்களுக்கும் 9 நிமிடம் குறைந்திருக்கிறது. ஆக, யாரும் வந்து தானாகப் பங்கு எடுத்துக்கொள்ளப் போவதில்லை. நாம் கிட்டத்தட்ட 5 மணி நேர வேலையை முடித்துவிட்டுத்தான் தொழிலுக்கே உட்காருகிறோம். பிள்ளைகளைப் பார்ப்பது, பெரியவர்களைப் பார்ப்பது இதில் சேராது, அது தனிக் கணக்கு.

7 நாள் முடிந்ததும் மூன்று வண்ணத்தில் கோடு போடுங்கள். நான் மட்டுமே செய்ய முடிகிற வேலைக்குச் சிவப்பு. சொல்லிக்கொடுத்தால் இன்னொருவர் செய்யக்கூடியதற்குப் பச்சை. செய்யாமலே விட்டாலும் ஒன்றும் ஆகாததற்கு நீலம். என் நோட்டில் சிவப்பு எத்தனை இருந்தது தெரியுமா? நாளுக்கு ஒன்றரை மணி நேரம். மீதியெல்லாம் பச்சையும் நீலமும்தான். அந்த நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

விலையில் உங்கள் கூலியைச் சேருங்கள்

இதை நிதானமாகப் படியுங்கள். நம் பெண்கள் அதிகம் தவறவிடுகிற இடம் இதுதான்.

என் பழைய நோட்டில் உள்ள கணக்கையே தருகிறேன். 10 கிலோ சாம்பார் பொடிக்கு மல்லி, மிளகாய், பருப்பு, மிளகு, வெந்தயம் எல்லாம் சேர்த்து 2,400 ரூபாய். மில் கூலி 200. 100 கிராம் பாக்கெட் 100, ஸ்டிக்கரோடு ஒன்றுக்கு 6 ரூபாய் வீதம் 600. கேஸ் 150. ஆக 3,350. ஒரு பாக்கெட் 45 ரூபாய்க்கு விற்றேன், 4,500 வந்தது. 1,150 ரூபாய் லாபம் என்று சந்தோஷமாக இருந்தேன்.

நேர நோட்டை எடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அந்த 10 கிலோவுக்கு மிளகாய்க் காம்பு கிள்ளுவது, மல்லி புடைப்பது, காயவைப்பது, வறுப்பது, மில்லுக்குப் போய் வருவது, சலிப்பது, எடைபோட்டு ஒட்டுவது என்று 14 மணி நேரம் போயிருக்கிறது. அதே வேலைக்கு ஒரு ஆளை வைத்தால் மணிக்கு 70 ரூபாயாவது தர வேண்டும். அப்படியானால் 980. அதைக் கழித்தால் கையில் நிற்பது 170 ரூபாய். அதற்குள்தான் போன் ரீசார்ஜ், பஸ், கிழிந்த பாக்கெட், திரும்பி வந்த சரக்கு எல்லாம் அடங்க வேண்டும்.

இந்தக் கணக்கில் ஆள் வைக்கவே முடியாது. ஆள் வைக்க முடியாவிட்டால் சுமையை இறக்க முடியாது. அதனால்தான் விலையை முதலிலேயே சொல்கிறேன். விலையை 55 ஆக்கினேன். கூலியைக் கழித்த பிறகும் 1,170 நின்றது. "அண்ணாச்சி கடைல 40 ரூபாய்க்கே கிடைக்குதே" என்று சில பேர் விட்டுப் போனார்கள். போகட்டும். ருசி பிடித்தவர்கள் நின்றார்கள். முதல் நாளிலிருந்தே உங்கள் கூலியை இன்னொருவர் கூலி போல விலைக்குள் எழுதுங்கள். பிறகு ஏற்றுவது ரொம்பச் சிரமம், பழகிய வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்து விலை ஏற்ற நமக்கு வாய் வராது.

பணமும் போனும் தனித்தனி

தொழிலுக்கு உங்கள் பெயரில் தனி வங்கிக் கணக்கு. வருகிற ஜிபே எல்லாம் அதில். மாதம் பிறந்ததும் அதிலிருந்து ஒரு தொகையை உங்கள் சம்பளமாக உங்கள் சொந்தக் கணக்குக்கு மாற்றுங்கள். 3,000 ரூபாயாக இருந்தாலும் சரி. வீட்டுச் செலவுக்கு அந்தச் சம்பளத்திலிருந்து கொடுங்கள், பொடிப் பெட்டியிலிருந்து கொடுக்காதீர்கள். பள்ளிக் கட்டணம் கட்ட மிளகாய்ப் பணத்தில் கை வைத்து, அடுத்த மாதம் மிளகாய் வாங்கக் கழுத்துச் செயினை அடகு வைத்தவள் நான். அதனால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

போனும் அப்படித்தான். 2 சிம் போடும் போனாக இருந்தாலும் தொழிலுக்கு வேறு எண். வாட்ஸ்அப் பிசினஸில் தானாகப் பதில் போகும் வசதி இருக்கிறது. "ஆர்டர் நேரம் காலை 10 முதல் மாலை 6 வரை. அதற்குப் பிறகு வந்தால் நாளை காலை பதில் வரும்" என்று எழுதி வையுங்கள். ராத்திரி 9.45 மணிக்கு வருகிற "அக்கா 2 பாக்கெட் இட்லிப் பொடி" என்ற மெசேஜுக்கு நான் ஒரு வருஷம் உடனே பதில் போட்டேன். நிறுத்திய பிறகு ஒருவர்கூடக் கோபித்துக்கொள்ளவில்லை. காலையில் பதில் போனால் போதும் என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

தாள் வேலை

இதை ஒரே வாரத்தில் முடித்துவிடலாம், பயப்பட ஒன்றுமில்லை. உணவுப் பொருள் என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ என்கிற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு கட்டாயம். சிறிய அளவில் செய்பவர்களுக்கு அடிப்படைப் பதிவு போதும், நான் எடுத்தபோது வருஷத்துக்கு 100 ரூபாய் கட்டணம். கிடைக்கிற 14 இலக்க எண்ணை பாக்கெட்டில் அச்சடிக்க வேண்டும். கூடவே உங்கள் முகவரி, எடை, விலை, பொட்டலம் போட்ட தேதி, எத்தனை நாளைக்குள் பயன்படுத்த வேண்டும், புகார் சொல்ல ஒரு எண்.

அடுத்தது உத்யம் பதிவு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு. 2020 ஜூலையிலிருந்து நடப்பில் உள்ளது. ஆதார் எண்ணும் அதோடு இணைந்த போனும் பான் எண்ணும் இருந்தால் நீங்களே செய்யலாம், ஒரு பைசா கட்டணம் கிடையாது. இணையத்தில் தேடினால் அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டி 1,500, 2,000 என்று கேட்கிற தனியார் தளங்கள் முதலில் வரும். முகவரியின் முடிவில் அரசுத் தளங்களுக்கான ஜிஓவி டாட் இன் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடருங்கள். ஜிஎஸ்டி, தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவர்களுக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்போதுதான் பொதுவாகக் கட்டாயம். சேவைத் தொழிலுக்கு 20 லட்சம்.

உத்யம் சான்றிதழின் அருமை எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஒரு பெரிய கடை 38,000 ரூபாய் பாக்கியை 5 மாதம் இழுத்தடித்தது. ஒவ்வொரு வாரமும் போன் செய்து கெஞ்சுவேன். அந்தக் கவலை வேறு சமையல்கட்டு வரைக்கும் கூடவே வரும். 2006-ஆம் ஆண்டின் சிறு, குறு தொழில் சட்டப்படி, பொருள் உற்பத்தி செய்து தருகிற உத்யம் பதிவுள்ள சிறு நிறுவனத்துக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கிற வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு வட்டி சேரும். அதோடு 2023-ல் வந்த வருமான வரித் திருத்தத்துக்குப் பிறகு, அந்தக் கெடுவுக்குள் பணம் தராத நிறுவனம் அதைப் பணம் கொடுக்கிற வருஷத்துச் செலவாகத்தான் வரிக் கணக்கில் காட்ட முடியும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு என் பில்லின் அடியில் உத்யம் எண்ணையும் "45 நாளுக்குள்" என்ற வரியையும் போடுகிறேன். கெஞ்ச வேண்டிய போன்கள் பாதியாகக் குறைந்துவிட்டன.

வீட்டில் உதவி கேட்காதீர்கள், பொறுப்பைக் கொடுங்கள்

உதவி என்றால் வேலை உங்களுடையது, அவர் வந்து கை கொடுக்கிறார் என்று பொருள். எப்போது வேண்டுமானாலும் கையை எடுத்துக்கொள்ளலாம்.

என் கணவர் நல்ல மனுஷர். "சொன்னா செய்ய மாட்டேனா?" என்பார். உண்மையும் அதுதான், சொன்னால் செய்வார். காய் வாங்கச் சொன்னால் வாங்குவார், ஆனால் என்ன காய் என்று நான் சொல்ல வேண்டும். மகளை டியூஷனில் விடுவார், ஆனால் 5.20 மணிக்கு நான் நினைவுபடுத்த வேண்டும். ஒருநாள் வறுத்துக்கொண்டிருக்கும்போது போன் செய்து, "தக்காளி அரைக் கிலோவா ஒரு கிலோவா?" என்றார். கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டே, "ஏங்க, சொல்றதும் ஒரு வேலைதாங்க. அந்த வேலைதான் எனக்கு முடியல" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அன்று ராத்திரி இரண்டு பேரும் உட்கார்ந்து நேர நோட்டைப் பார்த்தோம். பச்சைக் கோடுகளை அவரே எண்ணினார்.

அன்று முடிவானது இது. மகளின் பள்ளிக்கூடம் முழுக்க அவர் பொறுப்பு. டைரி பார்ப்பது, கட்டணம், டியூஷன், பெற்றோர் கூட்டம், அந்த வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் இருப்பதுகூட. நான் அந்தக் குரூப்பிலிருந்து வெளியே வந்துவிட்டேன். இது முக்கியம். வேலையைக் கொடுத்துவிட்டு மேற்பார்வையை நம்மிடம் வைத்துக்கொண்டால் ஒன்றும் இறங்காது. முதல் மாதம் வண்ண உடை தினத்தன்று மகளை யூனிஃபார்மில் அனுப்பிவிட்டார். அவள் அழுதுகொண்டு வந்தாள், எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் பொறுப்பைத் திரும்பி வாங்கவில்லை. அடுத்த மாதத்திலிருந்து அவரே காலண்டரில் குறித்து வைக்கிறார். புதிதாகப் பழகுகிறவர் தவறுகிற அந்த முதல் இரண்டு மாதத்தைக் கடப்பதுதான் கஷ்டம். பல்லைக் கடித்துக்கொண்டு கடந்துவிடுங்கள்.

அத்தைக்கு வேறு மாதிரி மனத்தாங்கல். தெரியாத பெண்கள் வீட்டுக்குள் வந்து போவது, மிளகாய் நெடி, மத்தியானம் தூக்கம் கெடுவது. அது நியாயமான வருத்தம். நான் முதலில் பேசாமல் ஒதுங்கிப் போனேன், அது தப்பு. பிறகு உட்கார்ந்து பேசி, வறுக்கிற வேலை காலை 11 மணியோடு முடியும், மாடிக்கு வெளிப்படி வழியாகத்தான் ஆட்கள் வருவார்கள் என்று முடிவு செய்தோம். கருவேப்பிலை ஆய்வதை அத்தை தானாகவே எடுத்துக்கொண்டார். அதற்கு மாதம் 1,500 ரூபாய் அவர் தபால் ஆபீஸ் கணக்கில் போடுகிறேன். "எனக்கெதுக்குடி காசு" என்றுதான் முதலில் சொன்னார். இப்போது பாஸ்புக்கை அவரே பத்திரமாக வைத்திருக்கிறார், வருகிறவர்களிடம் "எங்க கம்பெனி" என்கிறார். வீட்டு ஆட்கள் உங்கள் தொழிலுக்கு உழைத்தால் கூலி கொடுங்கள். சும்மா வாங்கிக்கொள்கிற உழைப்பு பின்னால் சொல்லிக்காட்டலாகத்தான் திரும்பி வரும்.

கைப்பக்குவத்தைச் சுவரில் எழுதுங்கள்

முதல் ஆளை வேலைக்கு எடுக்கும்போது இருக்கிற பயம் எல்லாருக்கும் ஒன்றுதான்: "என் கைப்பக்குவம் அவங்களுக்கு வராது." வரும். ஆனால் அதை நாம் வெளியே எடுத்து வைக்க வேண்டும்.

எனக்கு முதலில் வந்தவர் என்னைவிட 12 வயது மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மல்லி வறுக்கக் கொடுத்து, "வாசம் வந்ததும் இறக்கிருங்க அக்கா" என்று சொல்லிவிட்டு மில்லுக்குப் போனேன். திரும்பி வந்தால் 6 கிலோ மல்லியும் கறுத்துக் கிடக்கிறது. கோபத்தில் நாலு வார்த்தை பேசிவிட்டேன். அவர் பதறாமல், "பாப்பா, எங்க ஊருல கறிக்குழம்புக்கு இந்த வாசம்தான்" என்றார். அவர் சொன்னது சரி. வாசம் என்று நான் சொன்னது என் மூக்குக்குள் இருந்தது, அவருக்கு எப்படித் தெரியும்?

அன்று சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து, சின்ன வாணலியில் 2 கிலோ 2 கிலோவாக, கடிகாரத்தை வைத்து வறுத்துப் பார்த்தோம். மிதமான தீயில் 7 நிமிடம். அந்த நேரத்தில் ஒரு மல்லியை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கினால் நமுத்துப் போகாமல் நொறுங்க வேண்டும். பிறகு மூன்று கண்ணாடி பாட்டிலில் மல்லியைப் போட்டு ஜன்னலில் வைத்தோம். ஒன்று வறுபடாதது, ஒன்று சரியானது, ஒன்று கறுத்தது. யார் வறுத்தாலும் நடு பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். அந்த நாளிலிருந்து வறுக்கிற இடத்தில் நான் நிற்க வேண்டிய அவசியம் போய்விட்டது.

இதேபோல ஒவ்வொரு பொடிக்கும் ஒரு அட்டை எழுதினோம். "கைப்பிடி", "கொஞ்சம்" என்ற வார்த்தையே கிடையாது, எல்லாம் கிராமில். அட்டையைத் தடிமனான பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு அடுப்புக்கு மேல் மாட்டியிருக்கிறோம். ரகசியம் போய்விடுமோ என்று பயப்படாதீர்கள். செய்முறை தெரிந்தவர்கள் ஊரில் ஆயிரம் பேர், அதைத் தினமும் ஒரே மாதிரி செய்கிறவர்கள்தான் குறைவு.

ஆட்களை நடத்துவது

உங்களிடம் வேலைக்கு வருகிற பெண்ணும் அதே 5 மணி நேர வீட்டு வேலையை அவள் வீட்டில் முடித்துவிட்டுத்தான் வருகிறாள். இதை மறக்காமல் இருந்தால் மற்றது எல்லாம் தானாக வரும்.

நல்ல உதாரணம் லிஜ்ஜத் அப்பளம். 1959 மார்ச் 15-ல் மும்பை கிர்காவில் 7 பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி மொட்டை மாடியில் தொடங்கியது. அதில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அங்கே பெண்கள் காலையில் கிளைக்கு வந்து பிசைந்த மாவை வாங்கிக்கொண்டு போய், வீட்டில் தேய்த்துக் காயவைத்து, மறுநாள் அப்பளத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த மாவை வாங்கிப் போவார்கள். குழந்தைக்குப் பால் கொடுக்கலாம், குழம்பை இறக்கலாம், நடுவில் அப்பளம் தேய்க்கலாம். ஆயிரக்கணக்கான பெண்களை ஒரு தொழிலுக்குள் கொண்டுவந்தது அந்த ஏற்பாடுதான் என்று நினைக்கிறேன். தொழிலுக்குத் தக்கபடி பெண்களை வளைக்காமல், பெண்களின் நாளுக்குத் தக்கபடி தொழிலை வெட்டித் தைத்தார்கள்.

என்னிடம் நேரம் காலை 9.30 முதல் 3.30 வரை. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரலாம், அவர்கள் திரும்பி வரும்போது வீட்டில் இருக்கலாம். 9 மணி முதல் 6 மணி என்று வைத்திருந்தபோது மாதம் ஒருவர் நின்றுபோவார். இப்போது 4 வருஷமாக அதே நால்வர்தான். காம்பு கிள்ளுகிற வேலையை வீட்டுக்கே எடுத்துப் போய்ச் செய்து கிலோ கணக்கில் கூலி வாங்குவோரும் உண்டு.

சம்பளத்தை 1-ஆம் தேதி கொடுத்துவிடுங்கள், கையில் இல்லையென்றால் உங்கள் சம்பளத்தைத் தள்ளிப்போடுங்கள். அட்வான்ஸ் கேட்டால் கொடுங்கள், ஆனால் நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். தவறைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். என்னைவிட வயதில் பெரியவரை மற்றவர்கள் முன்னால் கடிந்துகொண்ட அந்த மல்லி நாள் இன்னும் எனக்கு உறுத்துகிறது. மறுநாள் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். அப்புறம்தான் அவர் என்னிடம் மனம்விட்டுப் பேச ஆரம்பித்தார்.

இன்னொன்று. பாசமாக இருப்பது வேறு, எல்லாருடைய வீட்டுப் பிரச்சினையையும் நம் தலையில் ஏற்றிக்கொள்வது வேறு. காது கொடுங்கள், லீவு கொடுங்கள், முடிந்தால் வழி சொல்லுங்கள். அவர்கள் கணவரிடம் போய் பஞ்சாயத்துப் பேச வேண்டாம்.

ஆட்கள் 10 பேரைத் தொடும்போது சட்டம் மாறுகிறது என்பதையும் இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 10 பேர் ஆனால் இஎஸ்ஐ என்கிற மருத்துவக் காப்பீடு, பேறுகால விடுப்பு, பாலியல் தொல்லை பற்றிய 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு எல்லாம் வந்துவிடும். 20 பேர் ஆனால் பிஎஃப். பத்துக்குக் கீழே இருந்தாலும் உங்களிடம் வேலை செய்கிற பெண் மாவட்டத்தில் உள்ள உள்ளூர்க் குழுவில் புகார் தரலாம். அதை அவர்களிடம் நீங்களே சொல்லுங்கள். மில்லுக்கும் கடைக்கும் போய் வருகிறவர்கள் அவர்கள்தானே.

கடனும் மெஷினும்

நேர நோட்டில் எந்த வேலை அதிக நேரத்தை விழுங்குகிறதோ அதற்கு மட்டும் மெஷின் வாங்குங்கள். எல்லாரும் முதலில் அரைக்கிற மெஷினைத்தான் பார்ப்பார்கள். எனக்கு மில்லில் போனது ஒன்றரை மணி நேரம், எடைபோட்டு ஒட்டுவதில் போனது 4 மணி நேரம். அதனால் பாக்கெட் ஒட்டும் மெஷினைத்தான் முதலில் வாங்கினேன். அரைக்கிற மெஷின் அதற்கு 3 வருஷம் கழித்துத்தான் வந்தது.

2015-ல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் சொத்து அடமானம் இல்லாமல் 50,000 வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண் என்று கடன் தருகிறார்கள். மானியத்தோடு கடன் தருகிற மத்திய அரசின் பிஎம்இஜிபி திட்டத்தில் பெண்கள் சிறப்புப் பிரிவில் வருகிறார்கள். திட்டச் செலவில் கைப்பணம் 5 சதவீதம் போட்டால் போதும், நகர்ப்புறத்தில் 25, கிராமப்புறத்தில் 35 சதவீதம் மானியம். விண்ணப்பிக்கும் முன் உங்கள் மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் போய் அந்த வருஷத்து நிலவரத்தைக் கேளுங்கள். மகளிர் குழுவில் இருந்தால் குழுக் கடனும் நல்ல வழிதான். ஆனால் தொழிலுக்கு என்று வாங்கியதைக் காதுகுத்துக்குச் செலவழிக்காதீர்கள், தவணை நாள் வந்தால் மற்ற பெண்கள் முகத்தில் விழிக்க முடியாது. உங்கள் பெயரில் கடன் வாங்கி இன்னொருவர் தொழில் நடத்துகிற ஏற்பாட்டுக்கு மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள், கேட்பவர் யாராக இருந்தாலும்.

வருஷக் காலண்டர்

நாளுக்கு நாள் சமன் செய்யப் பார்த்தால் நடக்காது. வருஷக் கணக்கில் பார்த்தால் நடக்கும். பொடித் தொழிலில் மாசி, பங்குனிதான் உயிர். ராமநாதபுரம் பக்கத்துப் புது மிளகாய் மதுரை கீழமாசி வீதிக் கடைகளுக்கு வந்து இறங்கும், வெயிலும் நன்றாக அடிக்கும். வருஷத்துக்கு வேண்டியதை அப்போதே வாங்கிக் காயவைத்துவிட வேண்டும். அதே நேரத்தில்தான் பிள்ளைகளுக்கு முழுப் பரீட்சை. மகள் பத்தாம் வகுப்பு எழுதிய வருஷம் நான் முன்கூட்டியே முடிவு செய்து, கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை என்று காம்பு நீக்கிய மிளகாயாகவே வாங்கினேன். அந்த 2 மாதம் புதுக் கடை எதையும் பிடிக்கவில்லை.

டிசம்பரிலேயே ஒரு பெரிய தாள் காலண்டரில் மூன்று வகை நாட்களைக் குறியுங்கள். தொழிலுக்கென்றே ஒதுக்க வேண்டிய வாரங்கள், வீட்டுக்கென்றே ஒதுக்க வேண்டிய வாரங்கள், நீங்கள் ஒன்றும் செய்யாமல் இருக்கப் போகிற நாட்கள். முதல் இரண்டும் மோதுகிற இடம் கண்ணுக்குத் தெரியும். அந்த இடத்துக்கு ஆளோ பணமோ இப்போதே ஏற்பாடு செய்யலாம். தீபாவளிக்கு 4 நாள் முன்னால் வருகிற 500 பாக்கெட் ஆர்டருக்கு "இந்தத் தடவை முடியாதுங்க, கார்த்திகைக்குத் தர்றேன்" என்று சொல்வதற்கும் அந்தக் காலண்டர் தைரியம் கொடுக்கும்.

உடம்பு

ஒருநாள் வறுத்துக்கொண்டிருக்கும்போதே தலை சுற்றிச் சரிந்துவிட்டேன். அக்கா பிடிக்காவிட்டால் வாணலியில் விழுந்திருப்பேன். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.2. எனக்கு மட்டும் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று இருக்கிறது. 6 மாதத்துக்கு ஒரு தடவை பரிசோதனை செய்யுங்கள், உங்களிடம் வேலை செய்கிறவர்களையும் கூட்டிப் போங்கள். காலைச் சாப்பாட்டை வேலை தொடங்கும் முன் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது என்று எங்கள் மாடியில் வழக்கமாக்கிவிட்டோம். 9.30 மணிக்கு முதல் வேலை அதுதான். மிளகாய் வறுக்கும்போது முகமூடியும், புகை போக வெளியேற்று விசிறியும் இல்லாமல் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். தாழ்வான பலகையில் மணிக்கணக்கில் குனிந்து ஒட்டுவதை விட்டுவிட்டு இடுப்பு உயரத்தில் ஒரு மேஜை போடுங்கள்.

இரண்டு நாள் ஊருக்குப் போய் வாருங்கள்

இதெல்லாம் 6 மாதம் செய்த பிறகு ஒரு சோதனை. வேலை நாளாகப் பார்த்து 2 நாள் வெளியூர் போங்கள். அம்மா வீடோ, கோயிலோ எங்கேயோ. சாவியை ஒருவரிடம் ஒப்படையுங்கள். 5,000 ரூபாய் வரை அவரே முடிவெடுத்துச் செலவு செய்யலாம் என்று எல்லார் முன்னாலும் சொல்லுங்கள். வீட்டிலும் அப்படியே, ஃபிரிட்ஜில் மூன்று நாள் குழம்பு வைத்துவிட்டுப் போகாதீர்கள். போனை எடுங்கள், ஆனால் நீங்களாக அழைக்காதீர்கள்.

எத்தனை போன் வந்தது, எதற்கு வந்தது என்று அதே நேர நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நான் முதல் தடவை பழனிக்குப் போனபோது 2 நாளில் 23 போன். கேஸ் ஏஜென்சி நம்பர் எங்கே, ஸ்டிக்கர் ரோல் எந்த அலமாரியில், ரெகுலர் கஸ்டமருக்கு எத்தனை ரூபாய் குறைப்பது, அத்தைக்கு எந்த மாத்திரை மத்தியானம். திரும்பி வந்ததும் அந்த 23-க்கும் பதிலை எழுதி அந்தந்த இடத்தில் ஒட்டினேன். அலமாரிக் கதவில் ஒன்று, மாத்திரை டப்பாவில் ஒன்று, பில் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒன்று. அடுத்த தடவை 9. போன வருஷம் தங்கச்சி பிரசவத்துக்காக திருநெல்வேலியில் 11 நாள் இருந்தேன். 2 போன் வந்தது. ஒன்று, மல்லி விலை இறங்கியிருக்கிறது, 50 கிலோ கூடுதலாக வாங்கிவிட்டேன் என்று அக்கா சொன்னது. இன்னொன்று, குழந்தைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று மகள் கேட்டது.